வழிச்செல்வோரும் வழியறிந்தோரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளை நிறைவு செய்யும் ஓர் இலக்கிய வட்டம் தான் நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது இயல்பு. அவ்வேளையில் வழி என்பதையே பொருளாகக் கொண்டு சிந்திப்பது பொருத்தமுடையது. தமிழுக்கு வழி புதிய பாடுபொருள் அன்று. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு, எவ்வழிச் சென்றால் எங்கு நீர் கிடைக்கும், எந்நிலத்து மக்கள் என்ன உணவு தருவர், எங்கு அஞ்சி நடக்க வேண்டும் என்றெல்லாம் எடுத்துரைப்பதே அவ்விலக்கியத்தின் அமைப்பு. வழியைப் பாடினாலும் அதன் உயிர் வழியில் வாழும் மக்களிடத்தே உள்ளது. மக்களை நீக்கிவிட்டால் ஆற்றுப்படை வெறும் தொலைவுக் கணக்காகிவிடும்.

இன்று பிள்ளைகளின் அழைப்பின்பேரில் ஆஸ்திரேலியா சென்று மீளும் தமிழ்ப் பெற்றோர் பலர். அவர்களுள் கவிஞர்களும் உண்டு. அந்நாட்டின் உள்நிலத்தைப் பாட முற்படுகையில் 'வெறுமை' என்னும் சொல் மிக எளிதாக வந்து அமர்ந்துவிடுகிறது. மரமற்ற வெளி, மனிதரற்ற சாலை, ஒலியற்ற இரவு என்று அடுக்கிச் செல்ல எதுகையும் இடந்தருகிறது. அச்சொல் அந்நிலத்துக்குப் பொருந்துமா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா. வினாவுக்கு விடை தேட, அந்நாட்டார் குளிர்காலத்தில் மேற்கொள்ளும் ஒரு நெடும்பயணத்தின் வழியையே பின்பற்றிச் செல்லலாம்.

குளிரும் பயணமும்

ஆஸ்திரேலியாவின் குளிர்காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று திங்கள்கள். கோடையில் உள்நாட்டு வெப்பம் 40 பாகையைத் தாண்டும். பழுதுபட்டு நின்ற வண்டியைவிட்டு நடந்து சென்றவர் மாண்டுபோதல் அங்கு நேர்வதுண்டு. நடுநாட்டு ஊராகிய ஆலிஸ் ஸ்பிரிங்சில் ஜூலைத் திங்களின் பகல் வெப்பம் சராசரியாக 20 பாகை. இரவிலோ 4 பாகை. சில இரவுகளில் நீர் உறைந்துவிடும். ஆயினும் பகலில் வானம் தெளிந்திருக்கும், காற்று உலர்ந்திருக்கும். எனவே உள்நாட்டுப் பயணத்துக்குக் குளிர்காலமே உரிய காலம்.

தொல்காப்பியம் பாலைக்கு வேனிலை உரியதாக்கிப் பின்பனியையும் உடன் சேர்த்தது. பனியில் நெடுவழி செல்வோரின் துயரை உணர்ந்தவர்கள் வகுத்த இலக்கணம் அது. ஆஸ்திரேலியாவிலோ பணி ஓய்வு பெற்ற முதியோர் ஆயிரக்கணக்கில் குளிர்காலம் தொடங்கியதும் தென்னகரங்களைவிட்டு வெப்பம் நாடிப் புறப்படுகின்றனர். அவர்களை 'நரைத்தலை நாடோடிகள்' என்று பொருள்படும் பெயரால் அந்நாட்டார் அழைக்கின்றனர். பிரிந்து செல்லும் இளந்தலைவனும் இல்லத்திருந்து ஏங்கும் தலைவியும் அங்கில்லை. தலைவனும் தலைவியுமாக, நரை கூடிய பின்னர், ஒருங்கே செல்கின்றனர். பாலையின் உரிப்பொருளுக்கு இப்படியும் ஒரு மாற்றம்.

வீடு சுமந்த வண்டி

அவர்கள் இழுத்துச் செல்லும் ஊர்தியின் பெயர் கேம்ப்பர் டிரெய்லர். தமிழில் கூடார வண்டி எனலாம். நான்கு சக்கரங்களும் விசை பெறும் வலிய காரின் பின்னே கொக்கியில் மாட்டப்பெறும் சிறு இழுவண்டி அது. சாலையில் செல்கையில் மூடிய பெட்டி. தங்குமிடத்தில் விரித்தாலோ கித்தான் கூடாரம். மேல்தளத்தில் படுக்கை, பின்புறம் இழுத்தால் அடுப்பும் கழுவு தொட்டியும் அமைந்த சமையலறை, அடியில் குடிநீர்த் தொட்டி, முன்புறத்தில் எரிவாயு உருளை. பாரம் முழுவதும் பின்னால் ஏறிவிட்டால் வண்டி பாம்புபோல் நெளிந்து காரையும் கவிழ்த்துவிடும். எனவே மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அழுந்துமாறு பொருள்களை அடுக்குவர். மண்சாலை தொடங்குமிடத்தில் இறங்கி டயரின் காற்றைக் குறைப்பர். தார்ச்சாலை வந்ததும் மீண்டும் ஏற்றுவர். ஸ்டெப்னி ஒன்று போதாதென்று இரண்டு கொண்டு செல்வோரும் உளர்.

கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணரின் வண்டியில் சேம அச்சு கட்டப்பட்டிருந்த செய்தியைப் புறநானூறு தருகிறது. மேட்டில் ஏறும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ நேரக்கூடிய இடையூற்றை முன்னறிந்த வணிகரின் அறிவு அது. நெய்தலினின்று உள்நிலம் நோக்கிக் குடும்பத்தோடு வீட்டையே வண்டியில் ஏற்றிச் சென்றவர்களைப் பாடிய மொழிக்கு இந்தக் கூடார வண்டி அயலானதன்று. ஆனால் உமணர் வழியில் ஊர்தோறும் பழகியவர்கள். யாரிடம் நீர் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள். கூடார வண்டியின் பயணிக்கோ நீரும் உணவும் வண்டியிலேயே உள்ளன. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவ்வசதியே அவர் கண்ணை மறைக்கவும் கூடும்.

திமிங்கிலம் ஈனும் கடல்

அடிலெய்டு நகரினின்று வடக்கே 300 கிலோமீட்டர் சென்றால் போர்ட் அகஸ்டா. அங்கிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலைக்கு அயர் நெடுஞ்சாலை என்று பெயர். 1976-இல்தான் அது முழுமையும் தார்ச்சாலையாயிற்று. கோதுமை வயல்களைக் கடந்து, ஏறத்தாழ 470 கிலோமீட்டரில் செடூனா என்னும் கடலோரச் சிற்றூர். அதற்கப்பால் ஊர்கள் அரிதாகி, பெட்ரோலும் உணவும் படுக்கையும் ஒருங்கே தரும் சாலை விடுதிகள் மட்டுமே இடையிட்டு வரும். சாலையின் சில பகுதிகளில் தார்மேல் வெள்ளைக் கோடுகள் தீட்டப்பட்டிருக்கும். அவை விமானம் இறங்குவதற்கு. 1928-இல் தொடங்கப்பெற்ற பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம், நோயாளியை ஏற்றிச் செல்லச் சாலையிலேயே இறங்கும். அந்திக்குப்பின் யாரும் வண்டி ஓட்ட விரும்புவதில்லை. கங்காருக்கள் சாலைக்கு வரும் வேளை அது.

செடூனாவிலிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், தென்கடல் நிலத்தை வளைத்து உள்வாங்கிய பெருங்குடாவின் தலைப்பகுதி உள்ளது. அங்கிருந்து மேற்கே சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக வெட்டுண்டு, 60 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நெடுந்தொலைவு சுவர்போல் நிற்கிறது. குளிர்காலத்தில் அக்குடாவுக்கு விருந்தினர் வருகின்றனர். தென்துருவத்தை ஒட்டிய கடல்களினின்று திமிங்கிலங்கள் கன்று ஈனவும் இனம் சேரவும் வந்து தங்குகின்றன. ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள தாய், தான் பெரிதும் உண்ணாது, உடலில் தேக்கிய கொழுப்பையே பாலாக்கிக் கன்றுக்கு ஊட்டுகிறது. பாறையின்மேல் நிற்போருக்குக் கீழே தாயும் கன்றும் அருகருகே மிதப்பது தெளிவாகத் தெரியும்.

அத்திமிங்கிலத்தின் ஆங்கிலப் பெயருக்குத் 'தக்க திமிங்கிலம்' என்று பொருள். எதற்குத் தக்கது? கொல்வதற்கு. மெல்ல நீந்தும், கரைக்கு அருகே வரும், கொன்றபின் மூழ்காது மிதக்கும், எண்ணெய் மிகுதியாகத் தரும். ஆகவே வேட்டைக்குத் தக்கது என்பதே பெயர்க்காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1935 முதல் பன்னாட்டு உடன்படிக்கை அதனைக் காத்து வருகிறது. ஓர் உயிருக்கு அதன் இயல்பு கருதாது, அதனால் அடையும் ஆதாயம் கருதி இட்ட பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. பெயரிடுதல் எளிய செயலன்று என்பதைக் கவிஞர்கள் இங்கே நினைவில் இருத்த வேண்டும்; இவ்வழியில் இன்னொரு பெயரும் எதிர்ப்படப் போகிறது.

பனித்துளி குடித்தவர்கள்

நெடுஞ்சாலைக்குப் பெயர் தந்த எட்வர்டு ஜான் அயர் 1841-இல் இக்கடற்கரை வழியே கிழக்கிலிருந்து மேற்காகச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பிப்ரவரி 25-இல் ஃபவுலர்ஸ் விரிகுடாவிலிருந்து புறப்பட்ட குழுவில் அயர், அவருடைய மேற்பார்வையாளர் ஜான் பாக்ஸ்டர், வைலி என்ற பழங்குடி இளைஞர், மேலும் இரு பழங்குடிச் சிறுவர் ஆக ஐவர். குதிரைகள் சில.

பாறைச் சுவரின்மேல் நடக்கையில் கீழே கடல்; ஆனால் குடிக்க நீரில்லை. உயிர் காத்தது எது? குடாவின் தலைப்பகுதியிலுள்ள மணல்மேடுகளில் எவ்விடத்தில் தோண்டினால் நன்னீர் ஊறும் என்பதை அக்கடற்கரையின் மக்கள் அவருக்குக் காட்டினர். பின்னர்ப் பாறைச் சுவர் முடிந்த இடத்திலும் அவர்கள் முன்னரே தோண்டி வைத்திருந்த மணற்குழிகளே அவருக்குக் கைகொடுத்தன. மல்லி என்னும் யூக்கலிப்டசு வகையின் வேரை அகழ்ந்து துண்டாக்கி நிறுத்தினால் நீர் வடியும் என்பதும் அவர் பழங்குடியினரிடமிருந்து அறிந்த செய்தி.

மார்ச்சு இறுதியில் நீர் முற்றும் தீர்ந்த ஒரு விடியலில், புல்லிலும் புதரிலும் பனித்துளி திரண்டிருப்பதை அயர் கண்டார். கடற்பஞ்சால் அதனை ஒற்றிப் பிழிந்து பாத்திரத்தில் சேர்த்தார். உடன் வந்த பழங்குடி இளைஞர்கள் பஞ்சுக்கு மாறாக மெல்லிய புல்லைக் கற்றையாகப் பிடித்து அதே செயலைச் செய்தனர். அப்பனிநீரே அன்று அவர்களை நடக்க வைத்தது.

இன்று அதே கரையில் கூடார வண்டியை விரித்து உறங்கி எழுவோர் வைகறையில் சலித்துக்கொள்ளும் முதற்பொருள் பனியே. வெளியே பனியும் உள்ளே மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்து கித்தான் நனைந்துவிடும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். எனவே வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். துணியால் ஒற்றி ஒற்றித் தரையில் பிழிந்து விடுவர். ஒருவர் பிழிந்து குடித்ததை மற்றொருவர் பிழிந்து கொட்டுகிறார். இரண்டும் ஒரே பனி. இவ்விரு பிழிதலுக்கும் இடையே 180 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஏப்ரல் 29 இரவில் பாக்ஸ்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். உணவில் பெரும்பகுதியையும் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு சிறுவர் இருவரும் மறைந்தனர். எஞ்சியவர்கள் அயரும் வைலியும். குளிர்காலம் தொடங்கியது. மெலிந்த குதிரைகளோடு நடந்த அவ்விருவரையும், ஜூன் தொடக்கத்தில், கரையருகே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல் ஒன்று ஏற்று உணவும் உடையும் தந்து காத்தது. 'மிசிசிப்பி' என்னும் அக்கப்பல் எதற்காக அங்கு நின்றது? திமிங்கில வேட்டைக்காக. ஈன வரும் திமிங்கிலத்தைக் கொல்ல நின்ற கப்பல், மடிய இருந்த மனிதர் இருவரைக் காத்தது. வரலாறு அறத்தையும் மறத்தையும் தனித்தனித் தட்டில் வைத்துத் தருவதில்லை.

ஜூலை 7-ஆம் நாள், கொட்டும் மழையில், இருவரும் மேற்குக் கோடியிலுள்ள ஆல்பனி நகரை அடைந்தனர். அயருக்கு அது கண்டுபிடிப்புப் பயணத்தின் முடிவு. வைலிக்கோ அது வீடு. அவர் அவ்வூர்ப் பக்கத்துப் பழங்குடியைச் சேர்ந்தவர். மாண்டார் என்று கருதிய தம் மகனைக் கண்ட மக்கள் அழுது தழுவிக்கொண்டதை அயரே எழுதி வைத்திருக்கிறார்.

அயரின் நாட்குறிப்பு 1845-இல் இலண்டனில் நூலாயிற்று. புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் அவரே ஜமைக்காவின் ஆளுநராகி, 1865-இல் மோரண்ட் பே எழுச்சியை நானூற்றுவர்க்கு மேற்பட்ட கறுப்பின மக்களின் உயிரைக் குடித்து ஒடுக்கினார். தமக்கு நீர் காட்டியவர்களை மதிப்போடு எழுதிய கையும் அந்த ஆணையில் ஒப்பமிட்ட கையும் ஒன்றே. வைலிக்கு அரசு வாரந்தோறும் உணவுப் பங்கு தந்தது. அவர் எழுதிய குறிப்பு ஏதும் இல்லை. வீடு திரும்பியவன் பாடிய பாட்டு உலகுக்குக் கிடைக்கவில்லை.

இல்லை என்றொரு பெயர்

குடாவுக்கு வடக்கே விரியும் சுண்ணாம்புச் சமவெளி ஏறத்தாழ 2 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நில அளவையாளர் ஒருவர் 1860-களில் அதற்கு நல்லார்பர் என்று பெயரிட்டார். செவிக்குத் தமிழ்போல் ஒலிக்கிறது, ஆனால் இலத்தீன். 'மரம் இல்லை' என்பது பொருள். உள்ளதைக் கொண்டன்றி இல்லாததைக் கொண்டு ஒரு நிலத்துக்குப் பெயர் அமைந்துவிட்டது.

அங்கு உள்ளது என்ன? உப்புத்தன்மையைத் தாங்கி வளரும் சாம்பல் பச்சைப் புதர்கள். நிலத்தடியில் சுண்ணாம்பு கரைந்து உருவான பெருங்குகைகள். அவற்றுள் சிலவற்றில் தெளிந்த நீர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மாந்தர் அக்குகைகளுள் இறங்கித் தீக்கல் எடுத்திருக்கின்றனர். மென்சுவரில் விரலால் கோடிட்டிருக்கின்றனர். கடற்கரையில் மிர்னிங், வீரங்கு முதலிய மக்கள். 2013-இல் நீதிமன்றம் அம்மேற்குக் கடற்கரை மக்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றது. இவ்வளவும் இருந்தும் பெயர் 'இல்லை' என்றே நிற்கிறது.

பெயர்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். வெறுமை என்று கருதப்பட்ட நிலத்தின்மேல் பின்னர் என்ன நிகழ்ந்தது என்பதே மறுமொழி. சமவெளியின் கிழக்கு விளிம்பில் ஊல்டே என்னும் வற்றாத ஊற்று இருந்தது. பல திசைகளினின்றும் பழங்குடியினர் கூடிய இடம் அது. 1917-இல் நிறைவுற்ற கண்டங்கடக்கும் இருப்புப்பாதையின் நீராவி எஞ்சின்களுக்காக அந்நீர் அளவிறந்து எடுக்கப்பட்டு, 1926-இல் பயனற்றதெனக் கைவிடப்பட்டது. 1952-இல் ஊல்டேயில் இருந்த மக்கள் தெற்கே, கடலோர யலாட்டாவுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டனர். 1953-இல் எமு ஃபீல்டிலும், 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் மாரலிங்காவிலும் பிரித்தானிய அரசு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. மாரலிங்காவில் மட்டும் பெருவெடிப்புகள் ஏழு. புளூட்டோனியத்தை மண்ணில் சிதறடித்த சிறு சோதனைகள் 1963 வரை தொடர்ந்தன. ஆளில்லா நிலம் என்ற நம்பிக்கையே அதற்கெல்லாம் அடிப்படை. ஆனால் அங்கு ஆட்கள் இருந்தனர்; அவர்கள் நடந்து வந்த வழிகள் இருந்தன. 1984-இல் சட்டம் ஒன்றால் நிலத்தின் பெரும்பகுதி அவர்களிடம் மீண்டது. சோதனைக்களம் இருந்த பகுதி, தூய்மைப் பணிகளுக்குப்பின், 2009-இல் ஒப்படைக்கப்பட்டது.

கூடார வண்டிகள் செல்லும் அயர் நெடுஞ்சாலை யலாட்டா நிலத்தை ஊடறுத்தே செல்கிறது. சன்னல் வழியே காண்போருக்குத் தெரிவது தாழ்ந்த மரங்களும் புதரும்தான். 'வெறுமை' என்று எழுதும் பேனா, தான் அறியாமலே, அந்த நம்பிக்கைக்குச் சான்றொப்பம் இடுகிறது. இதுவே இவ்வுரையின் மையக் கருத்து.

ஊற்றுகளின் நிரை

கடற்கரையினின்று போர்ட் அகஸ்டாவுக்கு மீண்டு, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் அருகாக வடக்கே சென்றால் மாரீ என்னும் சிற்றூர். அங்குத் தொடங்கி மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் செல்லும் மண்சாலைக்கு ஊட்னடாட்டா வழி என்று பெயர். காற்றாலும் சக்கரங்களாலும் அலையலையாக மேடிட்ட சாலை அது. வண்டியின் திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தளரும். மூடிய பெட்டிக்குள்ளும் செம்புழுதி புகும். மழை பெய்தால் சாலை களிமண் குழம்பாகிவிடும். சாலை மூடப்பட்டது என்ற அறிவிப்பை மீறிச் சென்றால் தண்டம் உண்டு.

அச்சாலை ஏன் அவ்வழியே செல்கிறது? பழைய கான் இருப்புப்பாதையை ஒட்டி. அவ்விருப்புப்பாதை ஏன் அவ்வழி சென்றது? 1872-இல் தெற்கையும் வடக்கையும் இணைத்த தந்திக் கம்பியை ஒட்டி. தந்திக் கம்பி ஏன்? ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் 1859 முதல் ஆய்ந்து சென்ற வழி அது. ஸ்டூவர்ட் ஏன் அவ்வழி சென்றார்? அங்குதான் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுகள் இருந்தன. 17 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலத்தடியே பரந்த பேராழ நீர்த்தேக்கம் தன் விளிம்பில் கசிந்து, உப்பும் மணலும் திரண்ட மேடுகளின் உச்சியில் ஊற்றாக எழுகிறது. அவ்வூற்று நிரையே அராபனா முதலிய மக்கள் செங்காவி முதலிய பொருள்களோடு தொன்றுதொட்டு நடந்த வணிக வழி. ஆக, தார்ச்சாலைக்கு முன்னர் மண்சாலை. அதற்கு முன்னர்த் தண்டவாளம். அதற்கு முன்னர்க் கம்பி. எல்லாவற்றுக்கும் முன்னர் அறிந்த கால்கள். வழி 'கண்டுபிடிக்க'ப்படவில்லை, கேட்டுப் பெறப்பட்டது. பின்னர்த் தோண்டப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் பல ஆண்டுக்கணக்கில் மூடப்படாமல் வழிந்தமையால் சில ஊற்றுகள் வற்றிப்போயின என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

மாரீயில் பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. 1860-களிலிருந்து ஆப்கானிஸ்தான், இன்றைய பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளினின்று ஒட்டகங்களோடு அழைத்துவரப்பட்டவர்கள் அங்கு வாழ்ந்தனர். மண்சுவர்ப் பள்ளிவாசல் ஒன்றும் எழுப்பினர். தந்திக் கம்பத்தையும் தண்டவாளத்தையும் உள்நாட்டுக்குச் சுமந்தவை அவர்களுடைய ஒட்டகங்களே. அனைவரையும் 'ஆப்கானியர்' என்றே அழைத்தனர். அச்சொல் குறுகிக் 'கான்' என்று தொடர்வண்டிக்குப் பெயராயிற்று. 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்சை எட்டிய அப்பழைய பாதை 1980-இல் மூடப்பட்டது. லாரிகள் வந்தபின் ஒட்டகங்கள் அவிழ்த்துவிடப்பட்டன. அவற்றின் வழிவந்தவை இன்றும் காட்டில் திரிகின்றன.

வழியில் வலப்புறம் கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் தாழ்ந்த பேரேரி. 1840-இல் வடக்கே முயன்று இந்நிலப்பகுதியின் உப்பேரிகளால் தடுக்கப்பட்டுத் திரும்பியவர் அதே அயர். ஏரிக்கும் அவர் பெயரே இடப்பட்டது. 2012-இல் அராபனா மக்களின் நில உரிமை ஏற்கப்பட்டது. அவ்வாண்டே அவர்கள் வழங்கிய பெயரும் சேர்க்கப்பட்டுக் 'கட்டி தண்டா – அயர் ஏரி' என இரட்டைப் பெயராயிற்று. பெரும்பாலும் உப்புப் பாலமாய்க் கிடக்கும் ஏரி, வடகிழக்கே நெடுந்தொலைவில் பெய்த மழை வந்து சேர்ந்தால் நிரம்பும். அப்போது கடலினின்று பறவைகள் உள்நாட்டுக்கு வருகின்றன. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டினார். இங்கோ பாலையே திரிந்து நெய்தலாகிறது. பாலை என்று முத்திரையிட விரையும் புலவர்க்கு நிலம் தரும் மறுப்பு இது.

ஏறாத மலை

மார்லாவினின்று நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பினால் ஏறத்தாழ 250 கிலோமீட்டரில் உளூரு. சமவெளியினின்று 348 மீட்டர் எழுந்து, 9 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடன் நிற்கும் செம்பாறை. 1873 ஜூலையில், இதே குளிர்காலத்தில், வில்லியம் கிறிஸ்டி காஸ் அதனைக் கண்டு அயர்ஸ் பாறை என்று பெயரிட்டார். இந்த அயர்ஸ் வேறு; தென் ஆஸ்திரேலிய அரசியலாளர். 1985 அக்டோபர் 26-இல் அந்நிலம் அனங்கு மக்களிடம் மீள அளிக்கப்பட்டது.

பாறைமேல் ஏறுவது பயணிகளின் வழக்கமாக இருந்தது. அது தங்கள் மரபில் புனிதமான வழி. ஏறாதிருக்க வேண்டுகிறோம் என்று அனங்கு மக்கள் பலகை வைத்தனர். தடை விதிக்கவில்லை, வேண்டினர். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்களும் உளர்; பலகையைப் படித்துக் கீழே நின்றவர்களும் உளர். ஆண்டுகள் செல்லச்செல்ல நின்றவர் தொகை மிகுந்தது. 2019 அக்டோபர் 26 முதல் ஏறுதல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. இப்போது பயணிகள் பாறையைச் சுற்றி நடக்கின்றனர். வலம் வருதலைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

மாலையில் கூடார வண்டிகள் ஓரிடத்தில் கூடுகின்றன. நெருப்பைச் சுற்றி அமர்வோர் பேசுவது பெரும்பாலும் வழியைப் பற்றியே. இன்ன ஆற்றுப்படுகையில் நீர் ஓடுகிறது. இன்ன விடுதியில் டீசல் தீர்ந்தது. கிழக்கே திரும்பும்போது செடூனாவில் பழமும் காய்கறியும் வாங்கி எறிந்துவிடுவார்கள், ஆகவே முன்னரே சமைத்துவிடுங்கள். வந்தவர் போவோர்க்கு வழி சொல்கின்றனர். ஆற்றுப்படை இன்றும் வாழ்கிறது என்று மகிழலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய ஆற்றுப்படையில் வழி சொன்னவன், தனக்கு உணவிட்ட குடியை, எயினர் ஆயினும் உழவர் ஆயினும் பரதவர் ஆயினும், பெயர் சொல்லிப் பாராட்டினான். உண்ட கடனைப் பாட்டால் இறுத்தான். இன்றைய வழிகாட்டலில் அக்கடன் மறந்துபோகிறது.

மறந்த அக்கடனை இறுப்பது கவிஞரின் பணி. நல்லார்பரில் நின்று மரம் இல்லை என்று எழுதும் முன், அங்கு நீர் எங்குள்ளது என்று அறிந்தவர் யார் எனக் கேட்க வேண்டும். உளூருவைப் பார்த்து மோனத்தைப் பாடும் முன், அருகில் வைத்த பலகையைப் படிக்க வேண்டும். திணைக் கண்ணாடி அணிந்து செல்வதில் தவறில்லை. ஆயினும் திணை என்பது நிலத்தின் பெயர் மட்டும் அன்று. தெய்வமும் உணவும் பறையும் தொழிலும் மக்களும் கருப்பொருளாகச் சேர்ந்தால்தான் திணை. கருப்பொருள் அறியாது முதற்பொருளை மட்டும் பாடுவது பாதிக் கவிதை.

இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுகளில் பல நாடுகளைப் பற்றிய கவிதைகளைக் கேட்கப் போகிறது. பிள்ளைகள் பரவியிருக்கும் திசையெல்லாம் கவிதைகளும் பரவும். அவற்றைக் கேட்கும்போது உறுப்பினர்கள் ஒரு வினாவை எழுப்பட்டும்: இந்தப் பாட்டில் வைலி இருக்கிறாரா? பனித்துளியைப் புல்லால் ஒற்றி எடுத்துத் தந்த கை இருக்கிறதா? இருக்குமாயின், அது பயணக் கவிதை. இல்லையாயின், பயணச் சீட்டு.